கேள்வித்தாளுக்கு வச்ச திருஷ்டிப் பொட்டு

பிரசவத்துக்கு மார்க் கேட்கிற வேலை எனக்கு. பிள்ளை பெத்து ஒரு நாளோ ரெண்டு நாளோ ஆன பொம்பளையோட கட்டில் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "வலி வந்தப்ப நீங்க நம்புற ஆள் யாராவது பக்கத்துல இருந்தாங்களா? ஒண்ணுலேர்ந்து அஞ்சுக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க"ன்னு கேட்கணும். அந்த மாதிரி இருபது கேள்வி. ஒண்ணுன்னா ரொம்ப மோசம், அஞ்சுன்னா ரொம்ப நல்லது. இந்த வேலை கிடைச்சதும் என் வீட்டுக்காரர் சிரிச்ச சிரிப்பு இருக்கே, எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல அவ இட்லிக்கு ஒரு நாள் என்னை மார்க் போட விட்டிருப்பாளா, இப்ப ஊரான் பிரசவத்துக்கு மார்க் வாங்கப் போறாளாம்னு எங்க ஏரியா கராச்சர்மா பஸ் ஸ்டாப்புல நாலு பேர் முன்னாடி சொன்னாரு. அன்னைக்கு ராத்திரி அவருக்கு இட்லிதான், தொட்டுக்க எதுவும் கிடையாது.

எனக்கு ஏன் இந்த வேலையைக் கொடுத்தாங்கன்னா, என் வாய்தான் காரணம். அப்பா ராமநாதபுரத்துலேர்ந்து அந்தமானுக்குத் துறைமுக வேலைக்கு வந்தவர். நான் பொறந்து வளர்ந்தது ஹேடோ குவார்ட்டர்ஸ்ல. இடது பக்கம் பெங்காலி வீடு, வலது பக்கம் தெலுங்கு வீடு, எதிர்ல மலையாளி. எல்லாருக்கும் பொதுவா இந்தி. அதனால யார்கிட்ட வேணாலும் பேசுவேன், யார்கூட வேணாலும் சண்டையும் போடுவேன். போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்கு அந்த மாதிரி ஒரு ஆள்தான் தேவைப்பட்டுச்சு.

விஷயம் இதுதான். அதுவரைக்கும் பிரசவ அறைக்குள்ள வீட்டு மனுஷங்க யாரையும் விட மாட்டாங்க. பொண்ணு உள்ள, அம்மா வெளிய பெஞ்சுல. பெரிய டாக்டரம்மா ஒருத்தங்க வந்து, இனிமே வலி எடுத்ததுலேர்ந்து பிள்ளை பொறக்கிற வரைக்கும் ஒரு பொம்பளை கூட இருக்கலாம்னு ஆரம்பிச்சு வச்சாங்க. அம்மாவோ அக்காவோ மாமியாரோ, பெத்துக்கிறவ யாரைச் சொல்றாளோ அவங்க. ஆறு மாசம் நடத்திப் பார்ப்போம், பொம்பளைங்களுக்கு அதனால நிம்மதின்னு தெரிஞ்சா தொடரும், இல்லைன்னா கதவைச் சாத்திடுவோம்னு சொல்லிட்டாங்க. சிஸ்டருங்களுக்கு அரை மனசுதான். உள்ளயும் சந்தைக்கடை ஆயிரும்னு முணுமுணுத்தாங்க. நிம்மதியா இல்லையான்னு எப்படித் தெரியும்? அதுக்குத்தான் இந்த ஃபார்ம், அதுக்குத்தான் நானும் என்கூட ஒரு பெங்காலி தீதியும். தீதின்னா அக்கா, என்னைவிடப் பத்து வயசு கூட. மூணு பிள்ளை பெத்தவங்க, எதுக்கும் அசராதவங்க.

வார்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி பழகிக்கணுமேன்னு முதல் ஃபார்மை என் நாத்தனார்கிட்டத்தான் கேட்டுப் பார்த்தேன். அவ வடக்கு அந்தமான்ல திக்லிபூர்ல இருக்கா, அங்க அவ வீட்டுக்காரருக்கு மளிகைக்கடை. பல்லு காட்ட எங்க வீட்டுக்கு வந்திருந்தா. மூணு வருஷத்துக்கு முன்னாடி இதே ஆஸ்பத்திரியிலதான் அவளுக்குப் பையன் பொறந்தான். அப்ப கூட ஆள் இருக்கிற ஏற்பாடு கிடையாது. சமையக்கட்டுல வெங்காயம் உரிச்சுக்கிட்டே பதில் சொன்னா. முழுசா ஒரு கேள்வி படிக்க விடல. "எல்லாத்துக்கும் அஞ்சு போட்டுக்கோங்க அண்ணி"ன்னு சொல்லிட்டு வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளிக் குப்பையில போட்டுட்டுப் போயிட்டா. நூத்துக்கு நூறு. சுகப்பிரசவம், அதுவும் ஆம்பளைப் பிள்ளை, இதைவிட வேறென்ன வேணும்னு நானும் சந்தோஷமா ஃபார்மை மடிச்சு வச்சேன்.

வார்டுல முதல் வாரம் ஒரே கூத்துதான். "நீங்கள் பாதுகாப்பாக உணர்ந்தீர்களா"ன்னு ஃபார்ம்ல இருக்கிறபடியே படிச்சேன். அந்தப் பொண்ணு யோசிச்சுட்டு, நகையெல்லாம் வீட்டுலயே கழட்டி வச்சுட்டு வந்தேன்க்கா, ஒண்ணும் காணாமப் போகலன்னுச்சு. அப்புறம் நான் புத்தகத் தமிழைத் தூக்கிக் கடாசிட்டு, "உள்ள பயமா இருந்துச்சா இல்லையா"ன்னு கேட்க ஆரம்பிச்சேன். கடைசிக் கேள்வி ஒண்ணு உண்டு: பிள்ளை பொறந்ததுக்கு அப்புறம், பிள்ளை எப்படி இருக்குன்னு கேட்காம, நீங்க எப்படி இருக்கீங்கன்னு யாராவது கேட்டாங்களா? அந்தக் கேள்விக்குச் சிலர் பிள்ளையைத் தூக்கி மடியில போட்டுக்குவாங்க. சிலர் சிரிப்பாங்க. ஒருத்தி, நீங்கதான்க்கா முத ஆளுன்னா.

வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது மாசம் நாத்தனார்கிட்டேர்ந்து ஃபோன். முழுகாம இருக்கா, மூணாவது மாசம். நான் சந்தோஷத்துல கத்தினதுல பக்கத்து வீட்டு நாய் குரைச்சுச்சு. ஆனா அவ குரல்ல ஒண்ணுமே இல்ல. இந்தத் தடவை போர்ட் பிளேருக்கு வர மாட்டேன், இங்கயே எப்படியாவது பார்த்துக்கிறேன்னா. என்ன விளையாடுறியான்னு நான் எகிறினேன். அப்பத்தான் மூணு வருஷமா வாயைத் திறக்காதவ திறந்தா. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் தனியா கிடந்தாளாம். யார் யாரோ வந்து கையை வச்சுப் பார்த்துட்டுப் போனாங்களாம், எதுக்குன்னு யாரும் சொல்லலையாம். பிள்ளை பொறந்ததும் எடை போடத் தூக்கிட்டுப் போயிட்டாங்களாம். அழுத சத்தம் கேட்கல. உசுரோட இருக்கா இல்லையான்னு கேட்க வாய் வராம கூரையையே பார்த்துக்கிட்டு இருந்தாளாம். அந்தக் கூரை இன்னும் கனவுல வருது அண்ணின்னா.

அப்புறம் எதுக்குடி எல்லாத்துக்கும் அஞ்சு கொடுத்தேன்னு கேட்டேன்.

"பாவம் அண்ணி அந்த சிஸ்டர். அன்னைக்கு ஆறு பேருக்கு அவங்க ஒருத்திதான். நான் குறைச்சுப் போட்டு அவங்க வேலைக்கு ஏதாவது ஆயிட்டா?"

அடிப்பாவி. நான் உடனே சொன்னேன்: இப்ப ஏற்பாடு மாறியிருக்கு, கூட ஒரு ஆள் இருக்கலாம், நீ வா, நான் உள்ள உன்கூட இருப்பேன், வலி எடுத்ததுலேர்ந்து உன் கையை விட மாட்டேன். அவ சத்தியம் பண்ணச் சொன்னா. பண்ணினேன். அதுக்கப்புறம்தான் வர சம்மதிச்சா. ஃபோனை வச்சதுக்கப்புறம்தான் எனக்கு உறைச்சுச்சு. அந்தக் கதவு திறந்திருக்கிறது ஆறு மாசத்துக்குத்தான். அவளுக்கு நாள் நெருங்கறப்ப திறந்திருக்குமா இல்லையான்னு என் கையில இருக்கிற ஃபார்ம்தான் சொல்லணும். என் வாயாலேயே நான் கெட்டேன்.

வேலையோட மூணாவது மாசக் கடைசியில டாக்டரம்மா எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டாங்க. மேசை மேல ஃபார்மெல்லாம் ரெண்டு அடுக்கா இருந்துச்சு. ஒண்ணு, கூட யாரும் வர முடியாமத் தனியாப் பெத்தவங்களோடது. இன்னொண்ணு, கூட ஆள் இருந்தவங்களோடது. தனியாப் பெத்தவங்க அஞ்சும் நாலுமா அள்ளிக் கொடுத்திருக்காங்க. கூட ஆள் இருந்தவங்க ரெண்டு, மூணு, அங்கங்க ஒண்ணு. டாக்டரம்மா இந்தியில அமைதியாத்தான் சொன்னாங்க: நான் நினைச்சது தப்பு போல, சொந்தக்காரங்க உள்ள வந்து தொந்தரவுதான் பண்றாங்க போல, இதே மாதிரி போச்சுன்னா நிறுத்திடலாம். தீதி என்னைப் பார்த்தாங்க, நான் தரையைப் பார்த்தேன். அன்னைக்கு வீட்டுக்கு வந்து நாத்தனாருக்கு ஃபோன் பண்ணல. அவளே பண்ணினா, எடுக்கல. திருடி மாதிரி இருந்துச்சு எனக்கு.

ஆனா எனக்கு ஒண்ணு புரியல. நான் கண்ணால பார்க்கிறேனே! வார்டுக்குள்ள நுழையறப்பவே தெரியும். கூட ஆள் இருந்தவ கட்டில்ல பேச்சும் சிரிப்புமா இருக்கும். ஸ்டூலைப் போட்டு ஃபார்மை எடுத்தா மூஞ்சி மாறிடும்.

மறுநாள் ஒரு சின்னப் பொண்ணு. கமோர்த்தா பக்கம் ஏதோ தீவுல டீச்சராம், பிரசவத்துக்காக இங்க அம்மா வீட்டுக்கு வந்தவ. நம்ம தமிழ் ஆளுங்கதான். அவ அம்மா உள்ள கூட இருந்திருக்காங்க. நான் வாசல்ல நிக்கிறப்பவே கேட்குது, வலியில அம்மா கையைக் கடிச்ச கதையைச் சொல்லி ரெண்டு பேரும் கண்ணுல தண்ணி வரச் சிரிக்கிறாங்க. நான் போய் உட்கார்ந்தேன். முதல் கேள்வி. "ஏதோ இருந்துச்சுக்கா, ரெண்டு போடுங்க"ன்னா. அடுத்ததுக்கும் ரெண்டு. அதுக்கு அடுத்தது ஒண்ணு.

எனக்குத்தான் கோபம் மூக்கு மேலயே உட்கார்ந்திருக்குமே. பேனாவை மூடிட்டு, ஏம்மா, வாசல் வரைக்கும் உன் சிரிப்பு கேட்டுச்சே, இப்ப என்ன வந்துச்சுன்னு கேட்டேன். அவ வாயைப் பொத்திக்கிட்டா. அவ அம்மா சட்டுனு துண்டை இழுத்துப் பிள்ளை முகத்தை மூடினாங்க. மூடறதுக்குள்ள நான் பார்த்துட்டேன். கன்னத்துல ஒரு பொட்டு, நெத்தியில ஒரு பொட்டு, உள்ளங்கால்ல ஒரு பொட்டு. கருகருன்னு மை.

"எழுத்துல எழுதி எங்கெங்கயோ அனுப்புவீங்க. எத்தனை கண்ணு பார்க்கும். பச்சைப் பிள்ளைக்கு ஆகுமா?"ன்னாங்க அந்த அம்மா.

கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாதும்பாங்க. எனக்கு இது தெரியாதா? என் பையன் பொறந்து புசுபுசுன்னு இருந்தப்ப, எப்படி இருக்கான்னு கேட்டவங்ககிட்டயெல்லாம், "எங்க, பாலே குடிக்க மாட்டேங்கிறான், நூலா இளைச்சுட்டான்"னு சொன்னவ நான்தானே! அவன் குடிச்ச பாலுக்கு அளவே கிடையாது. நல்லா இருக்கிறதை யாராவது வாய்விட்டு நல்லா இருக்குன்னு சொல்லுவாங்களா? அதுவும் நம்பர் போட்டு, கையெழுத்துப் போட்டு? நொந்து போனவங்க சிஸ்டரைக் காப்பாத்த அஞ்சு போடுறாங்க. நிறைஞ்சு போனவங்க பிள்ளையைக் காப்பாத்த ரெண்டு போடுறாங்க. ரெண்டு அடுக்கும் தலைகீழ். இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூணு மாசம் ஆகியிருக்கு. இந்த லட்சணத்துல அஞ்சு பாஷை தெரியும்னு பெருமை வேற.

கட்டிலோரம் மை டப்பா இருந்துச்சு. கேட்காமலேயே எடுத்தேன். விரலால தொட்டு ஃபார்மோட மேல் மூலையில, அழுத்தமா, ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பொட்டு வச்சேன். வச்சுட்டு, "இப்ப எந்தக் கண்ணும் படாது. சொல்லு"ன்னேன்.

அம்மாவும் பொண்ணும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. பொண்ணு தலையணையில சாஞ்சு ஃபார்மை எட்டிப் பார்த்தா. பொட்டு நல்லாத்தான் இருக்குன்னு தீர்ப்பு சொல்லிட்டு, அஞ்சுன்னா. அடுத்தது அஞ்சு. அடுத்தது அஞ்சு. நடுவுல ஒரு கேள்விக்கு மட்டும் மூணு. தையல் போட்டப்ப சொல்லாமப் போட்டாங்க, எரிஞ்சுச்சு, அதை எழுதுங்கன்னா. அதைக் கேட்டதும்தான் எனக்கு நம்பிக்கை வந்துச்சு. கடைசிக் கேள்விக்கு, ஆறு போடலாமான்னு கேட்டா. பாதி ராத்திரியில அம்மா தன்னைத்தான் முதல்ல எழுப்பி, உனக்கு எப்படிடி இருக்குன்னு கேட்டாங்களாம்.

தீதிகிட்ட ஓடிப் போய்ச் சொன்னேன். அவங்க ரெண்டு கையாலயும் நெத்தியில அடிச்சுக்கிட்டாங்க. எங்க பக்கமும் அப்படித்தானே, கண்ணு படுறது, நஜர், எல்லாருக்கும் நஜர்தானே, நம்ம ரெண்டு பேரும் என்ன முட்டாள்தனம் பண்ணியிருக்கோம்னு சிரிச்சாங்க. அன்னைக்கே பஜார்ல போய் ஆளுக்கு ஒரு காஜல் டப்பா வாங்கினோம். தெலுங்குப் பொண்ணு, பெங்காலிப் பொண்ணு, ராஞ்சியிலேர்ந்து வந்தவ, யாருக்கும் எதுவும் விளக்கவே வேண்டியிருக்கல. மூலையில பொட்டைப் பார்த்ததும் தோள் இறங்கும், வாய் திறக்கும். அஞ்சை அவசரமா அள்ளிக் கொடுக்கிறவங்களுக்குத் தீதி ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. ஃபார்ம் அடியில டியூட்டி சிஸ்டர் பேர் எழுத ஒரு கட்டம் இருக்கும். அதை அவங்க கண்ணு முன்னாலயே கத்தரியால வெட்டி எடுத்துக் கையில கொடுத்துடுவாங்க. அதுக்கப்புறம் வந்துச்சு பாருங்க நிஜமான ஒண்ணும் ரெண்டும்.

ரெண்டு வாரத்துல டாக்டரம்மா கூப்பிட்டாங்க. மேசை மேல மை அப்பின காகிதம், அடிப்பக்கம் வெட்டுப்பட்ட காகிதம். அவங்க கைவிரலெல்லாம் கறுப்பு. "யே க்யா கந்தகீ ஹை?" இது என்ன அசிங்கம்னு கேட்டாங்க. தீதி என்னை முன்னால தள்ளி விட்டாங்க. நான் எல்லாத்தையும் சொன்னேன், நாத்தனார் வெங்காயம் உரிச்ச கதை உட்பட. சொல்லச் சொல்ல அவங்க முகத்துல ஒரு அசைவும் இல்ல. போச்சு, படிச்சவங்ககிட்டப் போய் திருஷ்டி கிருஷ்டின்னு உளறிட்டோம்னு நினைச்சேன். அப்பத்தான் மேசைக் கண்ணாடிக்கு அடியில பழைய ஃபோட்டோ ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. அவங்க மகளா இருக்கணும், ஆறு மாசக் குழந்தை, நெத்தியோரத்துல மொச்சைக்கொட்டை அளவுக்கு மை. விரலை மட்டும் அது மேல வச்சேன்.

அவங்க ஃபோட்டோவைப் பார்த்தாங்க, ஃபார்மைப் பார்த்தாங்க. சிரிப்பு வந்துருச்சு. ஆனா வேலைன்னா வேலைதான். பழைய கணக்கைத் தூக்கி எறிய முடியாது, அது தனியா இருக்கட்டும், இன்னையிலேர்ந்து எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி கேளுங்க, எல்லாருக்கும் பொட்டு, எல்லாருக்கும் வெட்டு, தனியாப் பெத்தவங்களுக்கும் கூட ஆள் இருந்தவங்களுக்கும்னு உத்தரவு போட்டாங்க. இந்தத் தடவை ரெண்டு அடுக்கும் நேரா நின்னுச்சு. ஆறு மாசம் முடிஞ்சப்ப கதவைச் சாத்தல, ஃபார்ம் கேட்கிறதையும் நிறுத்தல. கூட ஆள் கிடைக்காதவங்களுக்கு என்ன பண்றதுன்னுதான் பேச்சு போச்சு. முதல்ல முணுமுணுத்த சிஸ்டர் ஒருத்தங்களே, கை பிடிக்க ஒரு ஆள் இருந்தா எங்களுக்கும் நிம்மதிதான்னு ஒத்துக்கிட்டாங்க.

அன்னைக்குத்தான் நாத்தனாருக்குத் தைரியமா ஃபோன் பண்ணினேன். ஒன்பதாவது மாசம் பொறக்கவும் கப்பல்ல வந்து இறங்கினா. துறைமுகத்துல என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி, கதவு திறந்திருக்கான்னுதான். திறந்திருக்குன்னேன். அதுக்கப்புறம்தான் பையைக் கையில கொடுத்தா.

வலி எடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில, நான் தோசை ஊத்திக்கிட்டு இருந்தப்ப. உள்ள போனதும் அவ கூரையைப் பார்த்தா. நான் அவ தாடையைப் பிடிச்சு என் பக்கம் திருப்பினேன். என் மூஞ்சி அழகா இல்லதான், ஆனா கூரையைவிடத் தேவலைன்னு சொன்னேன். அவ சிரிச்சா, அடுத்த வலி வந்ததும் என்னைத் திட்டினா. ஊர்ல யார்கிட்டயும் அதிர்ந்து பேசாத பொண்ணு, அன்னைக்கு என்னை, என் வீட்டுக்காரரை, எங்க வம்சத்தையே திட்டித் தீர்த்துட்டா. எங்க வம்சம் அவளோட வம்சமும்தான்னு சொல்லிப் பார்த்தேன், அதுக்கும் திட்டு. நான் கையை விடல. சிஸ்டர் தொடறதுக்கு முன்னாடி எதுக்குன்னு சொல்லிட்டுத் தொட்டாங்க. உச்சி வேளைக்குப் பொண்ணு பொறந்துச்சு. வந்த வேகத்துல அழுதுச்சு. எடை கிடை எல்லாம் அப்புறம்னு அப்படியே அவ நெஞ்சு மேல போட்டாங்க. அவ ரெண்டு கையாலயும் அணைச்சுக்கிட்டா. நான்தான் ஓன்னு அழுதேன். பிள்ளை அடங்கிருச்சு, நீங்க அடங்க மாட்டீங்களா, வெளிய அனுப்பவான்னு சிஸ்டர் அதட்டினாங்க.

சொந்தக்காரங்ககிட்ட நானே ஃபார்ம் கேட்கக் கூடாது. அதனால மறுநாள் தீதி போனாங்க. நான் வராண்டாவுல சும்மா நடக்கிற மாதிரி நடந்துக்கிட்டு இருந்தேன். கொஞ்ச நேரத்துல தீதி வெளிய வந்தாங்க, முகம் செத்துப் போயிருந்துச்சு. ஃபார்மை என் கையில கொடுத்தாங்க. மூலையில பொட்டு இருந்துச்சு, அடியில கட்டம் வெட்டியிருந்துச்சு. இருபது கேள்விக்கும் ஒண்ணு. ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு. இதுக்குக் கீழ நம்பர் கிடையாதான்னு வேற கேட்டாளாம்.

உள்ள ஓடினேன். அவ பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கிட்டு இருந்தா. ஏண்டி, பொட்டு வச்சுத்தானே கேட்டாங்க, அப்புறமும் ஒண்ணான்னு கேட்டேன். அவ பிள்ளை மேலேர்ந்து கண்ணை எடுக்கவே இல்ல.

"இதுக்கு ஒரு பொட்டெல்லாம் பத்தாது அண்ணி."

சாயங்காலம் ஃபார்மையெல்லாம் புரட்டின டாக்டரம்மா அந்த ஃபார்ம்ல வந்து நின்னாங்க. யாரு இந்தப் பொண்ணு, இவ்வளவு கஷ்டப்பட்டிருக்கா, நான் இப்பவே போய்ப் பார்க்கணும்னு நாற்காலியிலேர்ந்து எழுந்திருச்சாங்க. என் நாத்தனார்தான் டாக்டர்னு சொன்னேன். வெங்காயம் உரிச்சுக்கிட்டு அஞ்சு போட்டாளே, அவதான். இந்த வார்டுல இன்னைக்கு அவளைவிடச் சந்தோஷமா யாரும் இல்லைன்னேன். நம்பரை மாத்தச் சொல்லுவாங்கன்னு நினைச்சேன். மாத்தச் சொல்லல. உட்கார்ந்தாங்க, கையை நீட்டி என் காஜல் டப்பாவை வாங்கினாங்க. ஆள்காட்டி விரலை நல்லா தோய்ச்சு, தீதி வச்ச பொட்டுக்குப் பக்கத்துல பெருசா இன்னொண்ணு வச்சாங்க. வச்சுட்டு, இப்பப் போதுமான்னு என்னைக் கேட்டாங்க.